மூன்று பேரும் ஜெயித்தால் முதலாவது யார்?

வா கண்ணு, வா. கணக்கு நோட்டையும் பென்சிலையும் கையோடு எடுத்துக்கொண்டு வா. இன்றைக்கு நாம் கால்பந்தைப் பற்றிப் பேசப்போகிறோம்.

"கால்பந்துக்கு எதற்கு மாமா கணக்கு நோட்டு?" என்று உடனே கேட்டுவிட்டாய் பார், அதுதான் உன்னிடம் எனக்குப் பிடித்த குணம். காரணம் தெரியாமல் ஒரு பென்சிலைக்கூடத் தூக்க மாட்டாய்!

சரி, முதலில் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். கானா அணி கொலம்பியாவை ஜெயித்தது. கொலம்பியா அமெரிக்காவை ஜெயித்தது. அப்படியானால் கானாவும் அமெரிக்காவும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்?

"கானா!" என்று சொல்லத்தான் வாய் வரும். ஆனால் நடந்தது என்ன தெரியுமா? அமெரிக்கா கானாவை ஜெயித்தது. 

இது நானாகக் கட்டிவிட்ட கணக்கு இல்லை. 2017 அக்டோபர் மாதம் நம் நாட்டில், ஆயிரக்கணக்கானோர் பார்க்க நடந்த சங்கதி. பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி அந்த வருடம் இந்தியாவில் நடந்தது. டெல்லி, நவி மும்பை, கோவா, கொச்சி, கவுஹாத்தி, கொல்கத்தா என்று ஆறு ஊர்களில் ஆட்டங்கள். மொத்தம் 24 அணிகள். போட்டியை நடத்தும் நாடு என்பதால் இந்தியாவுக்கு நேரடியாக இடம் கிடைத்தது. மற்ற 23 அணிகளும் தங்கள் கண்டத்தில் தகுதிச் சுற்று ஆடி, ஜெயித்து வந்தவை. நம் நாட்டு அணி ஒன்று எந்த வயதுப் பிரிவிலுமே கால்பந்து உலகக் கோப்பையில் இறங்கி ஆடியது அதுதான் முதல் முறை.

24 அணிகளும் ஒவ்வொன்றோடும் ஒரு தடவை மோதினால் எத்தனை ஆட்டம் வரும்? ஓர் அணிக்கு எதிராளிகள் 23. 24-ஐ 23-ஆல் பெருக்கினால் 552. ஆனால் கானா-கொலம்பியா என்பதும் கொலம்பியா-கானா என்பதும் ஒரே ஆட்டம்தானே? அதனால் பாதியாக்கு. 276! பள்ளிக்கூடம் திறந்துவிடும், தேர்வும் வந்துவிடும், ஆட்டம் முடியாது.

அதனால்தான் குரூப் பிரிக்கிறார்கள். 24 அணிகளை நான்கு நான்காக ஆறு குரூப். ஒரு குரூப்பில் எத்தனை ஆட்டம் என்று நீயே கண்டுபிடி. நோட்டில் நான்கு புள்ளி வை. ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் கோடு போட்டு இணை. எத்தனை கோடு?

ஆறு. சபாஷ்! ஆறு குரூப்புக்கும் சேர்த்து 36 ஆட்டம். 276 எங்கே, 36 எங்கே!

ஜெயித்தால் 3 புள்ளி, டிரா ஆனால் ஆளுக்கு 1, தோற்றால் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு குரூப்பிலும் முதல் இரண்டு இடம் பிடித்த அணிகள் அடுத்த சுற்றுக்குப் போகும். அப்படி 12 அணிகள். இன்னும் நான்கு இடம் மீதி இருக்கும். மூன்றாவதாக வந்த ஆறு அணிகளில் நன்றாக ஆடிய நான்கு அணிகளுக்கு அவை போகும். ஆக 16. இதுவரை புரிந்ததா? புரியாவிட்டால் இன்னொரு தடவை படித்துவிட்டு வா, நான் இங்கேயேதான் இருக்கிறேன்.

(நடுவில் ஒன்று கேட்பாய், தெரியும். "ஒரு பையனுக்கு உண்மையிலேயே பதினேழு வயதுக்குள்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?" பிறந்த தேதிச் சான்றிதழ் ஒருபக்கம் இருக்கட்டும். 2009-லிருந்து இந்தப் போட்டிகளில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. படம் எடுத்தும் பார்க்கிறார்கள். வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் குருத்தெலும்பாலான ஒரு மெல்லிய தட்டு இருக்கும். எலும்பு அங்கேதான் நீளும். வளர்ந்து முடிந்ததும் அந்தத் தட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போய்விடும். மணிக்கட்டில் அது முழுசாக ஒட்டியிருந்தால் பையன் பதினேழைத் தாண்டியிருப்பான் என்று மருத்துவர்கள் சந்தேகப்படுவார்கள். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது, காந்தத்தை வைத்துத்தான் படம். அதனால் பிள்ளைகளுக்குக் கெடுதல் இல்லை. எலும்புக் கதையை வேறொரு மாதம் விரிவாகப் பேசுவோம்.)

இப்போது 'ஏ' குரூப்புக்குப் போவோம். அதில் இருந்தவை இந்தியா, அமெரிக்கா, கொலம்பியா, கானா. 

அக்டோபர் 6, டெல்லி ஜவாஹர்லால் நேரு மைதானம். சாயங்காலம் கானா 1, கொலம்பியா 0. ராத்திரி நம் பையன்கள் இறங்கினார்கள். அமெரிக்கா 3, இந்தியா 0.

அக்டோபர் 9, அதே மைதானம். முதல் ஆட்டத்தில் அமெரிக்கா 1, கானா 0. அடுத்தது இந்தியாவும் கொலம்பியாவும். இந்த ஆட்டத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நிற்போம்.

இடைவேளை முடிந்து வந்ததும் 49-ஆவது நிமிடத்தில் கொலம்பியாவின் பெனலோசா ஒரு கோல் போட்டுவிட்டான். இந்தியா விடாமல் முட்டி மோதியது. 82-ஆவது நிமிடம். இந்தியாவுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. சஞ்சீவ் ஸ்டாலின் மூலையிலிருந்து பந்தைத் தூக்கி அடித்தான். கோலுக்கு முன்னால் ஒரே கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு மேலே எழும்பி ஒரு தலை பந்தை முட்டியது. மணிப்பூர்ப் பையன் ஜீக்சன் சிங்கின் தலை. பந்து வலைக்குள்! உலகக் கோப்பையில் இந்தியா போட்ட முதல் கோல் அது. மைதானம் அதிர்ந்துபோனது.

அந்தக் கொண்டாட்டம் அடங்குவதற்குள், அடுத்த நிமிடமே, அதே பெனலோசா இன்னொரு கோல் போட்டுவிட்டான். கொலம்பியா 2, இந்தியா 1. 

வருத்தமாக இருக்கிறதா? எனக்கும்தான். ஆனால் ஜீக்சன் போட்ட அந்தக் கோலை நோட்டில் ஓர் ஓரமாகக் குறித்து வை. அது வீணாய்ப்போன கோல் என்று நினைத்துவிடாதே. பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

இரண்டு சுற்று முடிந்த நிலவரம் இது. அமெரிக்கா 6 புள்ளி. கானா 3. கொலம்பியா 3. இந்தியா பூஜ்யம். 

கடைசி நாள் அக்டோபர் 12. அன்றைக்கு ஒரு விசேஷம். கானா-இந்தியா ஆட்டம் டெல்லியில். அமெரிக்கா-கொலம்பியா ஆட்டம் நவி மும்பையில். இரண்டும் ராத்திரி எட்டு மணிக்கே தொடக்கம். அதுவரை ஒரே மைதானத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நடத்தியவர்கள், கடைசி நாளில் மட்டும் ஏன் இரண்டு ஊரில் ஒரே நேரத்தில் வைத்தார்கள்?

இதற்குப் பின்னால் ஒரு பழைய சமாச்சாரம் உண்டு. 1982-இல் பெரியவர்களுக்கான உலகக் கோப்பை ஸ்பெயினில் நடந்தது. ஒரு குரூப்பில் அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை முதல் நாளே ஆடி முடித்துவிட்டது. மறுநாள் ஜூன் 25, ஹிஹோன் என்ற ஊரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. மேற்கு ஜெர்மனி ஒரு கோலிலோ இரண்டு கோலிலோ ஜெயித்தால் போதும், அந்த இரண்டு அணிகளுமே அடுத்த சுற்றுக்குப் போய்விடும், அல்ஜீரியா வெளியே. முதல் நாளே எல்லாக் கணக்கும் தெரிந்துபோனதால் இரண்டு அணிகளுக்கும் இது அத்துபடி. பத்தாவது நிமிடத்தில் மேற்கு ஜெர்மனி ஒரு கோல் போட்டது. அதற்கப்புறம்? பந்தை இங்கிட்டும் அங்கிட்டும் தட்டிக்கொண்டே மிச்ச நேரத்தை ஓட்டிவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். அல்ஜீரியா ரசிகர்கள், 'காசு வாங்கிவிட்டீர்களா?' என்று கேட்பது போலப் பணநோட்டை எடுத்து ஆட்டிக் காட்டினார்கள். விதிப்படி எந்தத் தப்பும் இல்லை என்பதால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 1986 உலகக் கோப்பையிலிருந்து கடைசிச் சுற்று ஆட்டங்களை ஒரே நேரத்தில் தொடங்க ஆரம்பித்தார்கள். பக்கத்து மைதானத்தில் என்ன நடக்கப்போகிறது என்று யாருக்கும் முன்கூட்டியே தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

சரி, அந்த ராத்திரிக்கு வருவோம். இங்கேதான் உன் பென்சிலுக்கு வேலை.

டெல்லியில் 43-ஆவது நிமிடம் கானாவின் எரிக் அயியா ஒரு கோல். நவி மும்பையில் இடைவேளையில் ஆளுக்கு ஒரு கோல், சமம். ஆட்டம் அப்படியே முடிந்திருந்தால் அமெரிக்கா 7 புள்ளி, கானா 6, கொலம்பியா 4. யாருக்கும் குழப்பமே இல்லை.

இடைவேளைக்குப் பிறகு 52-ஆவது நிமிடம் அயியா இன்னொன்று. 67-ஆவது நிமிடம் அங்கே நவி மும்பையில் பெனலோசா கோல் போட, கொலம்பியா 2-1 என்று முந்திக்கொண்டது. இப்போது கூட்டிப் பார். அமெரிக்கா 6. கானா 6. கொலம்பியாவும் 6!

மூன்று பேரும் ஒரே புள்ளி. அப்போது என்ன செய்வது? அந்தப் போட்டியின் விதிப்புத்தகத்தில் அடுத்த வரியைப் பார்த்தார்கள். 'கோல் வித்தியாசம்' என்று இருந்தது. மூன்று ஆட்டத்திலும் போட்ட கோல்களைக் கூட்டு. வாங்கிய கோல்களைக் கூட்டிக் கழி. அந்த 67-ஆவது நிமிடத்தில் அமெரிக்காவுக்கு 3, கானாவுக்கு 2, கொலம்பியாவுக்கு 1. ஆக வரிசை: அமெரிக்கா, கானா, கொலம்பியா.

இந்த வரிசை ஏறக்குறைய இருபது நிமிடம் அப்படியே நின்றது. 

அப்புறம் டெல்லியில் 86-ஆவது நிமிடம் டான்சோ ஒரு கோல். அடுத்த நிமிடமே டோக்கு ஒரு கோல். கானா 4, இந்தியா 0. ஏறக்குறைய அதே சமயத்தில் நவி மும்பையில் கைசெடோ கோல் போட்டு கொலம்பியாவை 3-1 ஆக்கினான். சில நிமிடங்களுக்குள் மூன்று கோல். யாருடைய புள்ளியும் மாறவில்லை. ஆனால் வரிசை அடியோடு மாறிவிட்டது.

எப்படி என்று நீயே கணக்குப் போடு. நான் சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடும். போட்டு முடித்ததும் கீழே ஒத்துப்பார்.

கானா: போட்டது 5, வாங்கியது 1. வித்தியாசம் 4.
கொலம்பியா: போட்டது 5, வாங்கியது 3. வித்தியாசம் 2.
அமெரிக்கா: போட்டது 5, வாங்கியது 3. வித்தியாசம் 2.
இந்தியா: போட்டது 1, வாங்கியது 9. வித்தியாசம் மைனஸ் 8.

சரியாக வந்ததா? கணக்கு சரிதானா என்று பார்க்க ஒரு குறுக்குவழி சொல்லித்தருகிறேன். நான்கு வித்தியாசங்களையும் கூட்டு. 4, 2, 2, மைனஸ் 8. கூட்டினால் பூஜ்யம். எப்போதும் பூஜ்யம்தான் வரும். ஓர் அணி போட்ட கோல் என்பது இன்னோர் அணி வாங்கிய கோல்தானே! பூஜ்யம் வராவிட்டால் எங்கேயோ கை தவறியிருக்கிறது.

கானா முதலிடம். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கொலம்பியாவையும் அமெரிக்காவையும் பார். புள்ளி ஒன்று. வித்தியாசம் ஒன்று. போட்ட கோல்கூட ஒன்று. அதனால் விதிப்புத்தகத்தில் இன்னும் ஒரு வரி கீழே போனார்கள். "இந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் மோதியபோது யார் ஜெயித்தார்கள்?" கொலம்பியா. ஆக கொலம்பியா இரண்டாவது, அமெரிக்கா மூன்றாவது. கொஞ்ச நேரம் முன்பு முதலாவதாக இருந்த அணி!

இப்போது நம் முதல் கேள்விக்கு வருவோம். கானா கொலம்பியாவை ஜெயிக்க, கொலம்பியா அமெரிக்காவை ஜெயிக்க, அமெரிக்கா கானாவை ஜெயிப்பது எப்படி?

மூன்று மாம்பழம் எடுத்துக்கொள். ஒரு மல்கோவா, ஒரு பங்கனப்பள்ளி, ஒரு நீலம். தராசில் வைத்தால் மல்கோவா பங்கனப்பள்ளியைவிடக் கனம். பங்கனப்பள்ளி நீலத்தைவிடக் கனம். மல்கோவாவையும் நீலத்தையும் எடை போட வேண்டுமா? வேண்டாம். போடாமலே சொல்லிவிடலாம். எடை என்பது ஒவ்வொரு பழத்துக்குள்ளும் இருக்கிற ஓர் எண். பக்கத்தில் எந்தப் பழம் இருந்தாலும் அது மாறாது.

ஜெயிப்பது அப்படி இல்லை, கண்ணு. அது ஓர் அணிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற எண் இல்லை. இரண்டு அணிகள் சேரும்போது அந்த இரண்டுக்கும் நடுவில் பிறப்பது. ஓடி ஓடி ஆடும் அணி ஒன்று, பின்னால் நின்று தடுத்து ஆடும் அணியிடம் திணறலாம். அந்தத் தடுப்பு அணி, உயரமான பையன்கள் உள்ள அணியிடம் கார்னரில் கோல் வாங்கலாம். அந்த உயரமான அணி, முதல் அணியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போகலாம். வரிசையாக நிற்காமல் வட்டமாகச் சுற்றும். நீங்கள் விளையாடும் கல்-காகிதம்-கத்தரி போலத்தான்!

அதிர்ஷ்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. மூன்று அணிகளும் சம பலம் என்று வை. டிராவே கிடையாது, நாணயம் சுண்டித்தான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முடிவு. மூன்று ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முடிவு. இரண்டு பெருக்கல் இரண்டு பெருக்கல் இரண்டு, மொத்தம் எட்டு வழி. எட்டையும் நோட்டில் எழுதிப் பார். ஆறில் ஓர் அணி இரண்டையும் ஜெயித்து ஜம்மென்று முதலில் நிற்கும். மீதி இரண்டில்? வட்டம்! வலப்பக்கமாக ஒரு வட்டம், இடப்பக்கமாக ஒரு வட்டம். எட்டில் இரண்டு என்றால் நாலில் ஒன்று. அவ்வளவு அபூர்வமான விஷயம் இல்லை, பார்த்தாயா?

இயற்கையிலும் இந்த வட்டம் உண்டு. கேட்டால் ஆச்சரியப்படுவாய். கலிபோர்னியாவில் ஓணான் மாதிரி ஒரு சின்னப் பல்லி இருக்கிறது. அதில் ஆண்களுக்குத் தொண்டை மூன்று நிறம். ஆரஞ்சுத் தொண்டைக்காரன் முரடன். பெரிய இடத்தை வளைத்துப்போட்டு, நீலத் தொண்டைக்காரனை விரட்டிவிடுவான். நீலத் தொண்டைக்காரன் அவ்வளவு பலசாலி இல்லை. ஆனால் உஷார் பேர்வழி. சின்ன இடம், அதைக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காப்பான். மஞ்சள் தொண்டைக்காரனுக்குச் சொந்தமாக இடமே கிடையாது. பார்க்கப் பெண் பல்லி மாதிரியே இருப்பான். முரடனின் பெரிய இடத்துக்குள் அவனுக்குத் தெரியாமல் நுழைந்து, அங்கே உள்ள பெண் பல்லிகளோடு ஜோடி சேர்ந்துவிடுவான். ஆனால் நீலக்காரன் கண்ணில் மட்டும் அவனால் மண்ணைத் தூவ முடியாது.

ஆக, ஆரஞ்சு நீலத்தை வெல்லும். நீலம் மஞ்சளை வெல்லும். மஞ்சள் ஆரஞ்சை வெல்லும். பாரி சினெர்வோ, கர்ட்டிஸ் லைவ்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதை 1996-இல் எழுதினார்கள். 1990-லிருந்து 1995 வரை எண்ணிப் பார்த்ததில், ஒரு காலத்தில் ஒரு நிறம் கூடும், பிறகு அதை வெல்லும் நிறம் கூடும், பிறகு அதையும் வெல்லும் நிறம். எந்த நிறமும் நிரந்தரமாக முதலிடத்தில் நிற்கவில்லை. அங்கே கோல் வித்தியாசம் பார்க்க யாரும் இல்லையே!

கால்பந்துப் போட்டி நடத்துபவர்கள் அப்படி விட்டுவிட முடியுமா? அடுத்த சுற்றுக்கு யாரையாவது முதலாவது என்று அனுப்பியாக வேண்டும். அதனால் வட்டத்தை எங்காவது ஓரிடத்தில் வெட்டி நீட்டி வரிசையாக்குகிறார்கள். எந்த இடத்தில் வெட்டுவது என்பதை விதிதான் சொல்கிறது. விதியை மாற்றினால் வெட்டும் இடம் மாறும்.

நம்ப மாட்டாய் என்றால் போட்டுப் பார்ப்போம். ஐரோப்பாவில் யூஃபா என்ற கால்பந்து அமைப்பு நடத்தும் இளையோர் தகுதிச் சுற்றுகளில் வேறு விதி. புள்ளி சமமானால், சமமாக நிற்கும் அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் முதலில் பார்ப்பார்கள். அந்த விதிப்படி இந்தியா ஆடிய மூன்று ஆட்டத்தையும் அழித்துவிடு. மிச்சம் என்ன? கானா 1, கொலம்பியா 0. அமெரிக்கா 1, கானா 0. கொலம்பியா 3, அமெரிக்கா 1. 

மூன்று அணிக்கும் 3 புள்ளி. சமம். இப்போது இந்த ஆட்டங்களின் கோல் வித்தியாசம் மட்டும். கொலம்பியா போட்டது 3, வாங்கியது 2, ஆக 1. கானா போட்டது 1, வாங்கியது 1, ஆக பூஜ்யம். அமெரிக்கா போட்டது 2, வாங்கியது 3, ஆக மைனஸ் 1.

கொலம்பியா முதலிடம்!

அதே பையன்கள். அதே ஆட்டங்கள். அதே கோல்கள். ஒரு விதிப்படி கானா முதலாவது, இன்னொரு விதிப்படி கொலம்பியா முதலாவது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. விதி எதுவென்று ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். அது மட்டும் முக்கியம்.

எது நல்ல விதி என்று என்னைக் கேட்டால்? பெரியவர்களே இதற்குச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். கோல் வித்தியாசம் பார்த்தால், பலவீனமான அணியைப் போட்டு அடித்தவனுக்கு லாபம் என்பார்கள். அது உண்மைதான். கானா முதலிடம் பிடித்தது இந்தியாவை 4-0 என்று ஜெயித்ததால். நம் பையன்கள் 2-0 என்ற நிலையிலேயே கடைசி வரை தடுத்து நிறுத்தியிருந்தால், கானாவின் வித்தியாசமும் 2 ஆகியிருக்கும். போட்ட கோல் மூன்றுதான் என்பதால் கானா மூன்றாவதாக இறங்கியிருக்கும். மூன்று ஆட்டமும் தோற்ற இந்தியாதான், முதலிடம் யாருக்கு என்பதை முடிவுசெய்தது!

இருந்தாலும் எனக்குக் கோல் வித்தியாசத்தின் மேல்தான் பிரியம். ஏன் தெரியுமா? அதில் எந்த ஆட்டமும் செல்லாக்காசு ஆவதில்லை. ஓரமாகக் குறித்து வைத்தாயே, ஜீக்சனின் கோல்? அது விழாமல், கொலம்பியா 2-0 என்று ஜெயித்திருந்தால் கொலம்பியாவின் வித்தியாசம் 3 ஆகியிருக்கும். அமெரிக்காவோடு சமமாக நின்றிருக்காது. விதிப்புத்தகத்தில் அந்த இன்னொரு வரிக்குப் போகவேண்டிய வேலையே வந்திருக்காது. யூஃபாவின் விதிப்படியோ அந்தக் கோல் கணக்கிலேயே வராது.

எல்லா வரியும் சமமாகவே போனால் என்ன செய்வார்கள் என்று கேட்பாய். அந்தப் போட்டியின் விதிப்படி கடைசியில் சீட்டுக் குலுக்கல்தான். அதற்கு முன்னால் மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டைகளை எண்ணுவதும் உண்டு. 2018-இல் பெரியவர்களுக்கான உலகக் கோப்பையில் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல், நேருக்கு நேர் எல்லாவற்றிலும் சமம். ஜப்பான் வாங்கிய மஞ்சள் அட்டை குறைவு என்பதால் ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது. செனகல் ஊருக்குத் திரும்பியது.

நம் 'ஏ' குரூப்பின் மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். மூன்று அணிகளுமே அடுத்த சுற்றுக்குப் போயின. அமெரிக்கா, மூன்றாவதாக வந்த நல்ல நான்கில் ஒன்று. முதலாவதாக வந்த கானா நைஜரை 2-0 என்று ஜெயித்தது. இரண்டாவதாக வந்த கொலம்பியாவுக்கு எதிரே ஜெர்மனி வந்தது. 0-4 என்று தோல்வி. மூன்றாவதாக வந்த அமெரிக்காவுக்குப் பராகுவே. 5-0 என்று அபார வெற்றி! அதில் மூன்று கோல் டிம் வியா என்ற பையன் போட்டவை. அவன் அப்பா ஜார்ஜ் வியா ஒரு காலத்தில் உலகின் மிகச் சிறந்த கால்பந்து வீரர்களில் ஒருவர். அதே 2017 டிசம்பரில் லைபீரியா நாட்டின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இரண்டாமிடத்துக்காக முட்டிக்கொண்டு ஜெயித்த கொலம்பியா வெளியே, தோற்று மூன்றாவதான அமெரிக்கா கால் இறுதியில். கானாவும் அமெரிக்காவும் அந்தக் கால் இறுதியோடு ஊருக்குத் திரும்பின என்பது வேறு விஷயம்.

இப்போது உனக்கு ஒரு வீட்டுப்பாடம். முகத்தைச் சுளிக்காதே, இது விளையாட்டு வீட்டுப்பாடம்தான்.

மூன்று அணிகள் சமமாவதைப் பார்த்தோம். நான்கு அணிகளும் சமமானால்? 1994-இல் அமெரிக்காவில் நடந்த பெரியவர்களுக்கான உலகக் கோப்பையில் அப்படியே நடந்தது. அப்போதும் 24 அணிகள், ஆறு குரூப், மூன்றாவதாக வந்த நல்ல நான்கு அணிகளுக்கு இடம். 'இ' குரூப்பில் அயர்லாந்து, இத்தாலி, மெக்சிகோ, நார்வே. முடிவுகளைச் சொல்கிறேன், எழுதிக்கொள். அயர்லாந்து 1, இத்தாலி 0. நார்வே 1, மெக்சிகோ 0. இத்தாலி 1, நார்வே 0. மெக்சிகோ 2, அயர்லாந்து 1. இத்தாலியும் மெக்சிகோவும் 1-1. அயர்லாந்தும் நார்வேயும் 0-0.

முதலில் நான்கு புள்ளி வைத்து, ஜெயித்த அணியிலிருந்து தோற்ற அணிக்கு அம்புக்குறி போடு. என்ன வடிவம் வருகிறது என்று பார். அப்புறம் புள்ளி, கோல் வித்தியாசம், போட்ட கோல், நேருக்கு நேர் என்று வரிசையாகப் போட்டு ஒன்றிலிருந்து நான்கு வரை இடம் கொடு. ஒரே ஓர் அணி மட்டும் ஊருக்குத் திரும்பியது. மூன்றாவதாக வந்த அணி இறுதிப் போட்டி வரைக்கும் போய்விட்டது. இரண்டும் எவை எவை என்று கண்டுபிடித்து, இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதி வை. விடை அடுத்த மாதம்.